வேம்படியில் ஒரு மொரிஸ் மைனர்

கேள்வி: அப்பா ஓடிய 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 பன்னிரண்டு வருடமாக வேம்படியில் நிற்கிறது. கொஞ்சம் கறள். இறக்குமதித் தடை வந்ததிலிருந்து பழைய கார்களுக்கு நல்ல விலை என்கிறார்கள். பழைய பச்சை நிறமே அடிக்கலாமா, சாம்பல் எடுப்பாக இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் உதிரிப் பாகங்களுக்காக விலைக்குக் கேட்கிறார். கொடுக்க மனமில்லை.
– வாசகர், அச்சுவேலி

பதில்: 'கொஞ்சம் கறள்' என்கிறீர்கள். எங்கே என்று எழுதவில்லை. காருக்குக் கீழே நீங்கள் இன்னும் குனிந்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது.

மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. உடம்புதான் எலும்பும். மட்காட்டில் ஓட்டை விழுந்தால் கழற்றி வேறு பூட்டலாம், அது பெரிய காரியமில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியும், முன் ஆசனங்களுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டமும் உக்கினால்தான் ஆபத்து. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. பின்பக்கம் வில்லுத் தகடுகள் பூட்டியிருக்கும் இடங்களையும் பாருங்கள். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு மாரித் தண்ணீர் அங்கே என்ன செய்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுங்கள். இந்த இடங்களில் குத்துங்கள். 'டங்' என்றால் தகரம். உள்ளே போனால் பழைய கராஜ்காரர் யாரோ பசை அப்பி மேலே கறுப்புப் பூசியிருக்கிறார். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் கதவுகள் சரியாகப் பூட்டும்படி உடம்புக்கு முண்டு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார் வளைந்துவிடும், பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது.

எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த 948 சிசி எஞ்சினின் குடும்பம் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை வந்தது, பாகம் தேடலாம். தகட்டுக்கும் வழியிருக்கிறது. இங்கிலாந்து மைனர்களுக்கு இலங்கையிலிருந்தே தகடு அடித்து அனுப்பிய காலமும் உண்டு.

'நல்ல விலை' என்றீர்களே, 2020 மார்ச்சில் போட்ட தடையை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் இறங்கினால் பாதி வேலையில் பணம் முடிந்து, மிச்சப் பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடுவீர்கள்.

சரி, அப்பாவின் ஞாபகம். 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த மைனர்களும் 'ஏ போட்டி' என்ற ஒஸ்டின் A40களும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகைகக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் முழுக்க ஓடின. ஓடியவர்கள் அவற்றை நம்பி விடவில்லை. காபன் சுரண்டினார்கள், ஒயில் மாற்றினார்கள், கிறீஸ் அடித்தார்கள். உங்கள் அப்பாவும் செய்திருப்பார். முன் சில்லு திரும்பும் மறை மூட்டான ட்ரனியனுக்குக் கிறீஸ் இல்லாவிட்டால் மறை தேய்ந்து ஒருநாள் சில்லு சரிந்து படுத்துவிடும். இது மைனர்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

திருப்புளி நாலைந்து இடத்தில் மட்டும் உள்ளே போனால் திருத்துங்கள். முதலில் பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சேசிஸ் இலக்கத் தகட்டைக் கராஜ்காரர் பழைய தகரத்தோடு எறிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் உள்ளே போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுங்கள். வேம்படியில் மண்ணாவதைவிட, அந்தக் கதவும் கியர்பெட்டியும் இன்னொரு மைனரில் ஓடட்டும்.

பச்சையா சாம்பலா என்ற கேள்வியை அடுத்த வருடம் அனுப்புங்கள்.