அபராதத்தைத் தவணையில் கட்ட முடியுமா?

கேள்வி: என் தம்பி காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறான். ஒரு நாளைக்கு நானூறு சொச்சம், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. கூட்டாளி பைக்கை வாங்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியவனை கோரிமேடு பக்கம் மடக்கி, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை என்று 8,000 ரூபாய் போட்டுவிட்டார்கள். கட்டவில்லை, இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ஜெயிலில் போட்டுவிடுவார்களா? வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடட்டுமா?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: வட்டிக்கு மட்டும் போகாதீர்கள் அம்மா. மீட்டர் வட்டிக்காரரிடம் வாங்கினால் கோர்ட் கேஸ் முடிந்த பிறகும் அந்தக் கடன் முடியாது.

கணக்கு சரிதான், லைசென்ஸுக்கு 5,000, இன்சூரன்ஸுக்கு 2,000, ஹெல்மெட்டுக்கு 1,000. 2019இல் மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் தொகை ஏறிவிட்டது. ஹெல்மெட் போடாவிட்டால் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு என்கிறது அதே சட்டம், லைசென்ஸே இல்லாத தம்பிக்கு அதை எங்கே போய்ப் பறிப்பார்களோ! பைக் கொடுத்த கூட்டாளியையும் எச்சரித்து வையுங்கள், லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்ததற்கு உரிமையாளருக்கும் தனியாக 5,000 உண்டு.

‘இவ்வளவு வரை’ என்று இல்லாமல் இந்தத் தொகைகளைச் சட்டமே நேராக எழுதிவைத்திருப்பதால், மாஜிஸ்திரேட்டிடம் குறைக்கச் சொல்லி மன்றாடுவதில் பெரிய பலன் இருக்காது. கேட்க வேண்டியது அவகாசம். டவாலி பெயர் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு, அபராதம், கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள், நம் ஆட்களும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று யோசிப்பார்கள். அங்கேயே வாயைத் திறந்து, “ஐயா, கூலி வேலை, மொத்தமாக முடியாது, தவணை கொடுங்கள்” என்று கேட்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 464ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதுதான், பழையதில் 424). அபராதம் மட்டும் விதித்திருந்தால் 30 நாளுக்குள் மொத்தமாகக் கட்டவோ, இரண்டு மூன்று தவணையாகக் கட்டவோ கோர்ட் அனுமதிக்கலாம். முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தடுத்ததும் 30 நாள் இடைவெளியைத் தாண்டக் கூடாது. பத்திரம் எழுதித் தர வேண்டும், ஜாமீன்தாரரும் கேட்கலாம். கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை, கோர்ட்டின் விருப்பம்தான். ஆனால் கேட்காதவருக்கு யாரும் தானாகத் தரப்போவதில்லை. ரேஷன் கார்டையும் கூலிச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனியாக நிற்கத் தயங்கினால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அல்லது 15100க்கு போன் போடுங்கள். தகுதி இருந்தால் வக்கீலுக்குக் காசு கிடையாது.

கேள்வி: அபராதத்துக்குப் பதில் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பெரும்பாலும் தீரும். முழுச் சிறையையும் அனுபவித்தவரிடம் மறுபடி வசூலிக்க வேண்டுமானால், கோர்ட் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது போல மூன்று மாதம் வரை சிறை உள்ள குற்றத்தில், பணம் கட்டாததற்கான சிறை அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது மூன்று வாரம் சொச்சம். நடுவில் பணம் கட்டினால் அன்றைக்கே விடுதலை, பாதி கட்டினால் அதற்கேற்ப நாள் குறையும். ஆனால் அந்த மூன்று வாரக் கூலியும் போகும், திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் வைத்திருக்கும் முதலாளிக்கும் தறி ஓட்டும் எனக்கும் ஒரே அபராதம் என்பது என்ன நியாயம்?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: நியாயமில்லைதான். பின்லாந்தில் பல குற்றங்களுக்கு ஆளின் நாள் வருமானத்தைப் பார்த்து, இத்தனை நாள் வருமானம் என்று அபராதம் போடுகிறார்கள், அங்கே பணக்காரர்கள் வேகமாகக் கார் ஓட்டி லட்சக்கணக்கில் கட்டிய கதைகள் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. அபராதம் கட்ட முடியாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைகளுக்கு 25,000 ரூபாய் வரை உதவ மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது, போதைப்பொருள், ஊழல் போன்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது. தெரிந்தவர் யாராவது அப்படி உள்ளே இருந்தால், சிறை அதிகாரியிடமோ மேலே சொன்ன ஆணைக்குழுவிடமோ அந்தத் திட்டத்தைச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள்.