இங்கிலாந்தில் மாற்றுத்திறன் குழந்தையை வார இறுதிக்கு நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள என்ன தயாரிப்பு வேண்டும்?

மாற்றுத்திறன் குழந்தையைச் சில நாள் வேறு வீட்டில் பார்த்துக்கொண்டு பெற்றோருக்கு ஓய்வு தரும் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) ஷார்ட் பிரேக் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், தனியறையும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அறை அவசியம்தான். ஆனால் முதல் இரவு நல்லபடியாகப் போவதும் போகாததும் அதற்கு முந்தைய வாரங்களிலேயே முடிவாகிவிடும்.

முதலில் சட்டம். மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படி ஓய்வு கிடைக்கச் செய்யும் கடமை 2011 ஏப்ரல் முதல் கவுன்சில்களுக்கு விதிகளாகவே வந்துவிட்டது. இரவு தங்க வைப்பதற்கு உங்களை ஃபாஸ்டர் கேரராக (பிறர் பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிப்பவராக) அங்கீகரிப்பார்கள்: டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சோதனை, மருத்துவ அறிக்கை, உங்களை அறிந்தவர்களின் சான்று, பயிற்சி, கடைசியில் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பேனல் (குழு). இதற்குப் பல மாதங்கள் ஆகும். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் (Children Act) 20ஆம் பிரிவில் ஏற்பாடு செய்தால், ஒரே தடவையில் 17 நாள், ஆண்டுக்கு மொத்தம் 75 நாள் என்ற வரம்புக்குள் எளிய விதிகள் பொருந்தும். பிள்ளையின் மீதான சட்டப் பொறுப்பு பெற்றோரிடமே இருக்கும். "கவுன்சில் பிள்ளையை எடுத்துக்கொள்ளுமோ" என்று அஞ்சி இந்த உதவியையே கேட்காத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது பழக்கம். முதலில் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு நேரத்திலும் தூங்க வைக்கும் நேரத்திலும் கூட இருந்து பாருங்கள். பிறகு பெற்றோருடன் பிள்ளை உங்கள் வீட்டுக்கு ஒரு மாலை வரட்டும், அப்புறம் தனியாக அரை நாள், அதன் பின்பே இரவு. சோஷியல் வொர்க்கர் அவசரப்படுத்தினாலும் படிகளைத் தாண்டாதீர்கள். பேசாத பிள்ளை வலியை எப்படிக் காட்டும், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்லும், இந்த இரண்டையும் அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தப் படிவத்தையும்விட அந்தத் தாள் உதவும்.

மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மருந்தகத்தின் லேபிள் ஒட்டிய மூலப் பெட்டியில் வந்தால் மட்டும் வாங்குங்கள். மாத்திரையை டப்பாவில் உதிரியாகக் கொண்டுவந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வரும்போதும் போகும்போதும் எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள். போன வருகைக்கும் இந்த வருகைக்கும் இடையில் டாக்டர் அளவை மாற்றியிருப்பார், பிள்ளையின் பராமரிப்புத் திட்டத் தாளில் பழைய அளவே இருக்கும். ஒவ்வொரு முறையும் "ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் வலிப்பை நிறுத்தும் அவசர மருந்தான மிடசோலம் எப்போது, எவ்வளவு என்பது அந்தப் பிள்ளையின் திட்டத்தில் இருக்கும். பெரும்பாலும் வலிப்பு 5 நிமிடம் நீடித்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக விடச் சொல்வார்கள். வலிப்பு தொடங்கியதுமே கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடம்கூட ஐந்தாகத் தோன்றும்.

உணவைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் உணவும் பானமும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று 0 முதல் 7 வரை ஒரு நிலை குறித்துக் கொடுப்பார். பொடியாக நறுக்கிய ஈரமான உணவான 5ஆம் நிலையில் குழந்தைக்கு உணவுத் துணுக்கு 2 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. சோறு உதிரக் கூடாது, பசைபோல ஒட்டவும் கூடாது. ரசம் சாதம் நமக்கு நோயாளி உணவு. இந்தப் பிள்ளைக்கோ தண்ணீர் முதலில் தொண்டைக்குள் ஓட, பருக்கை பின்தங்கும். அதில்தான் புரையேறும் ஆபத்து. குழைய மசித்த பருப்புச் சோற்றைக்கூடத் தெரபிஸ்டிடம் காட்டிய பிறகே கொடுங்கள். பானத்தைக் கெட்டியாக்கும் பொடியைக் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். அதை அப்படியே வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

வயிற்றுக் குழாய் வழியே உணவு என்றால் பயிற்சி பெற்ற செவிலியர் கற்றுத் தந்து கையெழுத்திடும்வரை தொடாதீர்கள். உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்தாவிட்டால் குழாய் அடைக்கும். குழாய் கழன்றுவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. யாரை அழைப்பது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். உணவைச் செலுத்தும் பம்பின் சார்ஜர் வந்திருக்கிறதா என்று பெற்றோர் கிளம்புமுன் பாருங்கள், அடிக்கடி மறந்து விடுபடுவது அதுதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு உங்கள் வீட்டின் படங்களை முன்கூட்டியே அனுப்புங்கள்: வாசல், கட்டில், கழிப்பறை, உங்கள் முகம். அதே போர்வை வீட்டிலிருந்து வரட்டும். துவைக்காமலே வரட்டும், வாசனை முக்கியம். ஜன்னல்கள் முழுதாகத் திறக்காதபடி தடுப்பு பொருத்துங்கள். தோட்டத்தில் குளமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் முதல் வருகைக்கு முன்பே மூடிவிடுங்கள்.

பெற்றோர் இரவில் பலமுறை அழைப்பார்கள். தடுக்காதீர்கள், ஆனால் "9 மணிக்கு நானே செய்தி அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். திரும்பிப் போகும்போது என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது மலம் கழித்தான், உடலில் ஏதேனும் சிராய்ப்பு உண்டா என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். சிராய்ப்பு வந்தபோதே இருந்ததென்றால் அதை வந்த நேரத்திலேயே பெற்றோரிடம் காட்டி, தேதியுடன் குறித்து வையுங்கள்.