கிளெய்ம் வேலையிலிருந்து சைபர் பாதுகாப்புக்கு

சகோதரி, கோலாலம்பூரில் காப்புறுதி கிளெய்ம் பார்க்கிறேன், கோடிங் தெரியாது, வேலையை விட்டுவிட்டு ஹேக்கிங் பயிற்சிக்குப் பெரிய தொகை கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை விடாதீர்கள். பணமும் இப்போது கட்ட வேண்டாம்.

ஹேக்கிங் இந்தத் துறையின் ஒரு மூலைதான். உங்களுக்குப் பொருந்துவது ஜிஆர்சி: நிர்வாகம், இடர் மதிப்பீடு, விதிமுறை இணக்கம். ஆவணத்தைப் படித்து, ஆதாரம் கேட்டு, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அன்றாட வேலை. கிளெய்மில் நீங்கள் செய்வதும் அதுதானே? 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்பை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடும், 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்தாக வேண்டும். காப்புறுதித் துறைக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆர்எம்ஐடி (தொழில்நுட்ப இடர் மேலாண்மை) கொள்கை வேறு இருக்கிறது. அவர்கள் இணையத்தளத்திலேயே கிடைக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

நெட்வொர்க் அடிப்படை தெரியாமல் இதிலும் நிற்க முடியாது. செக்யூரிட்டி பிளஸ் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பாடத்துக்கு புரபஸர் மெஸ்ஸரின் காணொளிகள் யூடியூபில் இலவசம், இரவில் பாருங்கள். பிறகு உங்கள் கம்பெனி ஐடி ரிஸ்க் பிரிவில் யாரையாவது பிடித்து, அடுத்த ஆடிட்டுக்கு ஆவணம் திரட்ட உதவட்டுமா என்று கேளுங்கள். உங்கள் வேலையைத் தெரிந்தவர்களிடம் கேட்பதால் கதவு சீக்கிரம் திறக்கும், சம்பளமும் நிற்காது.