ஞாயிற்றுக்கிழமை செர்வரை யார் பார்ப்பது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் சிறிய கம்பெனியில் சர்வீஸ் பிரிவைக் கவனிக்கிறேன். மொத்தம் 18 பேர். எந்த மாடலுக்கு எந்த சீல், வைண்டிங் விவரம் என்ன, எந்தப் புகாருக்கு எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் பழைய நோட்டுகளிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் எழுதி வைக்கப் போகிறோம். முதலாளியின் மகன், “நம்ம ஆபீஸிலேயே ஒரு செர்வர் வைத்து, எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இலவச ஓபன் சோர்ஸ் விக்கி போட்டுவிடலாம், காசு மிச்சம்” என்கிறார். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் தம்பி, இன்டர்நெட்டிலேயே குறிப்பு எழுதி வைக்கும் நோஷன் போதும் என்கிறான். முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். எது சரி சார்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் சென்னையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு சிஸ்டம் அட்மின் வேலை. தரைத்தளம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் டோக்குவிக்கி என்ற இலவச விக்கி. எங்கள் குழுவின் எல்லாக் குறிப்புகளும் அதில்தான். தினமும் ராத்திரி பேக்கப் ஓடும். அந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? அதே சிபியூவின் தலைமேல். டிசம்பர் 1 மழைக்கு அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். மெஷினும் பேக்கப்பும் ஒன்றாக மூழ்கின.

பிழைத்தது எப்படி என்றால், கூட வேலை பார்த்த ஒருவர் மூன்று வாரம் முன்பு ஊருக்குப் போகும்போது, அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று அந்த ஃபோல்டரைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு போயிருந்தார். அவர் கேட்டபோது நான் சலித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். பக்கத்தின் பழைய வடிவங்கள் ‘அட்டிக்’ என்ற ஃபோல்டரில் கிடக்கும். அட்டிக் என்றால் நம்ம ஊர்ப் பரண்தான், பெயர் வைத்தவர் விவரமானவர். மூன்று வார வேலை போனது, மற்றதெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தது.

இதைக் கேட்டுவிட்டு, “அப்போ கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் செர்வரில் வைப்பதுதான் பத்திரம்” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அட்லாசியன் கம்பெனியின் கான்ஃபுளுவன்ஸ் என்ற குறிப்பு மென்பொருள் ஒன்றை மட்டும் பாருங்கள், இரண்டு பக்கமும் தெரியும். 2022 ஏப்ரல் 5 அன்று அவர்களே ஒரு பழைய துணைச்செயலியை நீக்க ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்றை ஓட்டினார்கள். அதற்குக் கொடுத்த பட்டியலில், நீக்க வேண்டிய செயலியின் எண்களுக்குப் பதில் வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களின் எண்கள் இருந்தன. சுமார் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்க ஏப்ரல் 18 வரை ஆனது. சிலர் இரண்டு வாரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, சொந்த செர்வரில் அதே கான்ஃபுளுவன்ஸை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்களா? இரண்டே மாதம். 2022 ஜூன் தொடக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் உள்ளே புகுந்துவிடக்கூடிய ஓட்டை ஒன்று அம்பலமானது. அதற்குத் தீர்வு வெளிவரும் முன்பே திருடர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கிளவுடில் இருந்தவர்களுக்கு அந்த ஓட்டையால் பாதிப்பு இல்லை. சொந்த செர்வர்காரர்கள் அந்த வார இறுதியில் தூங்கவில்லை. அப்புறம் 2024 பிப்ரவரி 15-ஓடு, சொந்தமாக நிறுவிக்கொள்ளும் அந்த ‘செர்வர்’ பதிப்புக்கான ஆதரவையே கம்பெனி நிறுத்திவிட்டது.

ஆகவே எங்கே வைத்தாலும் அடி விழும். விழுகிற அன்று யார் எழுந்து வருவார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. முதலாளி மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமை செர்வர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? ஆள் பெயர் ஒன்று வந்தால் மேலே பேசலாம். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மென்பொருள் இலவசம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதை மேய்ப்பது இலவசமல்ல. அப்டேட் வந்தால் போட வேண்டும். போட்டபின் ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். டிஸ்க் நிரம்புவதைப் பார்க்க வேண்டும். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் வாங்கும் இலவசச் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் தாங்கும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கும்போதுதான் புதுப்பிக்காமல் விடும். எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்து வைத்த பேக்கப்பை எப்போதாவது இன்னொரு மெஷினில் போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இதை நான் சொல்லாத ஆள் இல்லை, செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. குறிப்பைத் தேடப்போவது ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. தாராபுரம் பக்கம் ஏதோ ஒரு தோப்பில், போர்வெல்லிலிருந்து வெளியே இழுத்துப்போட்ட மோட்டார் பக்கத்தில், கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் மெக்கானிக். ஆபீஸ் செர்வர் அவர் போனில் தெரிய வேண்டுமென்றால் அதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட வேண்டும், அல்லது எல்லார் போனிலும், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரத் தனிப் பாதுகாப்பு வழி போடும் விபிஎன் போட்டுக்கொடுக்க வேண்டும். அப்போது ஆபீஸில் கரண்டும் பிராட்பேண்டும் இருந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு நான் கிளவுட்தான் சொல்வேன். நோஷனோ வேறெதுவோ, தம்பிக்குப் பழக்கமானது எதுவானாலும் சரி. தோப்பில் சிக்னல் இல்லையென்றால் அதுவும் கைவிடும். அதனால் அடிக்கடி தேவைப்படும் பத்துப் பக்கங்களை பிடிஎஃப் ஆக்கி மெக்கானிக் போனில் போட்டு வையுங்கள்.

ஆனால் மாதம் முதல் தேதி முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, ஆபீஸில் இருக்கும் ஒரு டிஸ்க்கில் வைக்க வேண்டும். இதில் தள்ளுபடி கிடையாது. நோஷன் மார்க்டவுன் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவிலும், எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவிலும் கொடுக்கும். முதன்முறை திறந்தால் திகைப்பீர்கள்: ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் 32 எழுத்தில் ஒரு கிறுக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். பயப்படாதீர்கள், உள்ளே எழுத்து சுத்தமாக இருக்கும். படங்கள் வந்திருக்கின்றனவா என்று மட்டும் நாலு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நான் எப்போது சொந்த செர்வர் சொல்வேன் என்றால், வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்கை வெளியே எங்கும் ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால். அல்லது செர்வரைப் பார்ப்பதையே சம்பள வேலையாகச் செய்ய ஓர் ஆள் இருந்தால். அப்போது சொந்த செர்வரில் போடும் புக்ஸ்டாக் என்ற இலவச விக்கி நல்ல தேர்வு. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்றுதான் அதன் அடுக்கு; மெக்கானிக்குக்கு விளக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகக் குறிப்புகள் கிளவுடில்தான் இருக்கின்றன. அதை ஆரம்பித்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். இப்போது புது ஆளைச் சேர்க்க முடியவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அவன் சொந்த ஜிமெயிலில் அக்கவுன்ட் ஆரம்பித்திருப்பான். அந்த கிளவுட் கம்பெனியின் கண்ணுக்கு உரிமையாளர் அவன்தான், சம்பளம் கொடுத்த நீங்கள் அல்ல. கோபப்படாமல் ஒரு போன் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அட்மின் பொறுப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். அது நடக்கும்வரை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கங்களையெல்லாம் இன்றே காப்பி எடுங்கள். மாற்றியதும், உங்கள் கம்பெனியின் சொந்த டொமைன் மெயில் முகவரியில் இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள். ஒருவர் போதாது.

கேள்வி: குறிப்புகளைத் தமிழில் எழுதினால் தேடும்போது பாதி வருவதில்லை. சொந்த செர்வருக்கு மாறினால் சரியாகிவிடுமா?
- வாசகி, திருச்சி

பதில்: எங்கே வைக்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘மோட்டார்’ என்று தேடுகிறீர்கள், பக்கத்தில் ‘மோட்டாரை’, ‘மோட்டாருக்கு’ என்று எழுதியிருக்கிறது. நம் கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியும். ‘ரை’ என்பது ரகரமும் ஐகாரக் குறியும். புள்ளியோடு தேடினால் ‘மோட்டாரை’ மாட்டாது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘மோட்டார’ என்று தேடிப் பாருங்கள், சொல்லின் பகுதியைத் தேடும் கருவியாக இருந்தால் எல்லாம் வரிசையாக வந்து விழும். முழுச் சொல்லை மட்டும் தேடும் கருவியில் இது வேலை செய்யாது. டோக்குவிக்கி போன்றவற்றில் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டியிருக்கும். ‘வைண்டிங்’ போன்ற சொல்லில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் ‘வைண்டிங்கை’ என்று எழுதினாலும் அந்தப் புள்ளி அப்படியே நிற்கிறது.

பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அப்படியே ஏற்றியிருந்தால் அவை எந்தத் தேடலிலும் வராது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். எந்தக் கருவிக்கும் காசு கட்டும் முன் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, உங்கள் வேலையில் தினமும் புழங்கும் பத்துச் சொற்களை வேற்றுமை உருபோடு எழுதித் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.