புதிதாகத் தையல் பழகுபவர் வீட்டிலேயே துணிப்பை தைக்க எந்தத் துணி ஏற்றது? பைக்குள் இன்னோர் அடுக்காகத் தைக்கும் உள்துணி அவசியமா?

நேர்த்தையல் ஓட்டத் தெரிந்த எவரும் துணிப்பை தைத்துவிடலாம். ஆனால் அது எத்தனை நாள் உழைக்கும் என்பதைக் கைப்பிடி சேரும் இடமே தீர்மானிக்கிறது. உள்துணியைப் பொறுத்தவரை, முதல் பைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. வேலை இரட்டிப்பாகும்; ஓரங்களை ஒழுங்காக முடித்த பைக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயனும் சொற்பமே.

கான்வாஸ் உறுதியானதுதான் என்றாலும், தொடக்கத்தில் நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கைப்பிடியைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிட வேண்டும். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது என்பதால், நனைக்காத துணியில் தைத்த பை முதல் சலவையிலேயே தையல் நெடுகச் சுருக்கம் விழுந்து நிற்கும். ஊசி 16 எண், தையல் நீளம் 3 மி.மீ. இருந்தால் போதும்.

30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம், 10 செ.மீ. அடிப்பகுதி கொண்ட பைக்கு 43 செ.மீ. அகலமும் 88 செ.மீ. நீளமும் உள்ள ஒரே துண்டை வெட்டி, 88 செ.மீ. நீளம் 44 செ.மீ. ஆகும்படி பாதியாக மடித்தால் அடியில் தையலே வராது. ஒரே திசையில் அமைந்த பூவேலையோ உருவங்களோ உள்ள துணிக்கு மட்டும் இது ஒத்துவராது. ஒரு பக்கத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும். பக்கங்களுக்குப் பிரெஞ்சுத் தையல் போடுங்கள்: துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து 0.5 செ.மீ. விட்டுத் தைத்து, பிசிறை நறுக்கி, உள்வெளியாகத் திருப்பி, இன்னும் 1 செ.மீ. விட்டுத் தைத்தால் வெட்டிய ஓரம் உள்ளேயே அடங்கிவிடும். பிறகு அடிமூலை ஒவ்வொன்றையும் முக்கோணமாக விரித்து, முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே 10 செ.மீ. நீளத்துக்குத் தைத்து, மிஞ்சும் துணியை வெட்டி, அந்த ஓரத்துக்கு பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து ஓடும்) தையல் ஓட்டிவிடலாம்.

கைப்பிடிக்கு 12 செ.மீ. அகலமும் 65 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு துண்டுகளைக் கரைக்கு இணையாக, அதாவது பாவு இழை ஓடும் திசையில் வெட்டுங்கள்; அந்தத் திசையில் துணி குறைவாகவே இழுபடும். இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் 3 செ.மீ. அகலத்தில் நான்கு அடுக்கு கிடைக்கும். ஒவ்வொரு மடிப்பையும் இஸ்திரியால் அழுத்திய பிறகே இரு ஓரமும் தைக்க வேண்டும். இஸ்திரியைத் தவிர்ப்பவர்களின் கைப்பிடிதான் பெரும்பாலும் முறுக்கிக்கொள்கிறது.

பையின் வாயை முதலில் 1 செ.மீ., அடுத்து 3 செ.மீ. உள்பக்கமாக மடித்து, கைப்பிடி நுனிகளைக் கீழ்நோக்கி அந்த மடிப்புக்குள் செருகி, மடிப்பின் கீழோரத்தைச் சுற்றிலும் தைக்கவும். நுனிகளின் இடத்தைப் பக்கத் தையலிலிருந்து அல்லாமல் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7 செ.மீ. என்று அளந்து குறிப்பது நல்லது. பிறகு கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, 3 செ.மீ. சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைத்தால், பாரம் ஒரே வரித் தையலில் விழாமல் சதுரம் முழுவதும் பரவும். இந்த இடத்தில் பத்து அடுக்குக்கு மேல் துணி சேர்கிறது. கான்வாஸாக இருந்தால் வீட்டு இயந்திரம் இங்கேதான் திணறும், ஊசியும் இங்கேதான் உடையும். மிதியையோ மோட்டாரையோ நம்பாமல், சக்கரத்தைக் கையால் சுழற்றி ஒவ்வொரு தையலாக நகர்த்துங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரத்தின் பாதம் ஒருபக்கம் சாய்ந்து நின்றால், அதன் பின்பகுதிக்கு அடியில் மடித்த துணித்துண்டு ஒன்றைக் கொடுத்தால் சமநிலைக்கு வந்துவிடும்.

இயந்திரம் இல்லாவிட்டாலும் இதே அளவுகளில், இரட்டை நூல் கோத்துக் கையால் நெருக்கமாகப் பின்தையல் போட்டு முடிக்கலாம். கைப்பிடிச் சதுரத்தை மட்டும் இருமுறை சுற்றித் தையுங்கள்.