ஒரே வீட்டில் ஒரே நான்கெழுத்து

கேள்வி: கைபேசியில் வந்த ஆளுமைத் தேர்வை வீட்டில் ஐந்து பேரும் எழுதினோம். எனக்கும் உம்மாவுக்கும் ஐ.எஸ்.எஃப்.ஜே. என்றே வந்தது. குணம் ரத்தத்தில் வருகிறது என்பதற்கு இது சாட்சிதானே?
- வாசகி, கீழக்கரை

பதில்: சாட்சியாகாது. முதலில் கணக்கு. இது மையர்ஸ்-பிரிக்ஸ் பாணித் தேர்வு. நான்கு இடத்திலும் இரண்டு எழுத்தில் ஒன்று வரும் என்பதால் வகைகள் மொத்தம் 16. எல்லா வகையும் சம அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏர்வாடி பஸ்ஸிலிருந்து ஒட்டு உறவில்லாத ஐந்து பேரை இறக்கி எழுத வைத்தாலும், அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே வகை வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து பேருக்குள் 10 ஜோடி இருக்கிறதே! உங்களுக்கு வந்ததோ, அமெரிக்காவில் எடுத்த கணக்கில் நிறையப் பேருக்கு வருகிற வகை. பொருந்தும் வாய்ப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லவில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபுவழி என்று தெரிகிறது. ‘என் குணத்தில் பாதி உம்மா கொடுத்தது’ என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு இது. தாய்க்கும் மகளுக்கும் உள்ள குண ஒற்றுமை, அளந்து பார்த்தால், நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்ததால் வரும் ஒற்றுமை அதைவிடக் குறைவு.

இன்னொன்று கேட்கிறோம், கோபிக்க வேண்டாம். உம்மாவின் பதிலைத் தட்டியது யார் விரல்? பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலக் கேள்வியை மகள் வாசித்துத் தமிழில் சொல்வாள். “உம்மா, கூட்டத்துல இருந்தா உங்களுக்கு அலுப்பா இருக்குமா?” என்பாள். உம்மா மனதில் அந்தக் ‘கூட்டம்’ கல்யாண வீட்டுப் பெண்கள் கூட்டமாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டமாகவும் இருக்கலாம். முதலாவதற்கு ஒரு பதில், அடுத்ததற்கு வேறு பதில். அவர் யோசிப்பதற்குள் “உங்களுக்கு இல்லைதான்” என்று மகளே முடித்துவிட்டால், ஒருத்தியே இரண்டு தேர்வு எழுதினதாகத்தான் கணக்கு.

(இந்தத் தேர்வுக்கு மூலமான கேள்வித்தாளை உருவாக்கிய காதரின் பிரிக்ஸும் இசபெல் மையர்ஸும்கூடத் தாயும் மகளும்தான். உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள்.)

கேள்வி: மூன்று மாதத்தில் எனக்கே இரண்டு வகை வந்துவிட்டது. பிறகு அண்ணனோடு எப்படி ஒத்துப்பார்ப்பது?
- வாசகர், மண்டபம்

பதில்: எழுத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில், 100-க்கு எவ்வளவு என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 51 வாங்கினவருக்கு ஓர் எழுத்து, 49 வாங்கினவருக்கு எதிர் எழுத்து. ஆனால் 51-ம் 98-ம் ஒரே எழுத்து! ஒவ்வோர் எழுத்தும் மறுமுறை மாறாமலிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும், நான்கும் அப்படியே வர 66 சதவீதம்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது இது. ஆளுக்கொரு அறையில், ஒரே தமிழ்க் கேள்வித்தாளில், பேசாமல் எழுதுங்கள். நான்கு எண்களையும் தாளில் குறியுங்கள். ஆறு வாரம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதி, இரண்டின் சராசரியை எடுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவே விழுவதை ‘நடுவாள்’ என்று வையுங்கள், எழுத்து போடாதீர்கள். இரண்டு பேருக்கும் 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால், எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதை ஒற்றுமை என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

விசைப்படகு வீடுகளில் ஒரு முறையை மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை), மறுமுறையைத் தொழில் நடக்கும்போது எழுதுவது நல்லது. 61 நாள் படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கடனை எண்ணுகிற மனிதர், ‘புது ஆட்களோடு பழகப் பிடிக்கும்’ என்ற வரிக்கு என்ன போடுவார்?

கேள்வி: அப்பாவும் நானும் ஈ.எஸ்.டி.ஜே. ஒரே படகு. ஆனால் தினமும் சண்டை. ஒரே குணமென்றால் ஒத்துப்போக வேண்டாமா?
- வாசகர், பாம்பன்

பதில்: உங்கள் சண்டைக்குக் காரணமே அந்த ஒற்றுமையாக இருக்கலாம். ‘ஜே’ என்றால் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்ற விருப்பம். இருவருக்கும் ஒரே முடிவு தோன்றும் என்று அதற்குப் பொருளில்லை. கச்சான் காற்றைப் பார்த்து அப்பா ஒன்று முடிவு செய்திருப்பார். கைபேசியில் வானிலையையும் இறால் விலையையும் பார்த்து நீங்கள் ஒன்று முடிவு செய்திருப்பீர்கள். ‘டி’ (மனம் நோகுமா என்று பார்ப்பதைவிட நியாயம் பார்ப்பது) இருவருக்கும் இருப்பதால் குறையை முகத்துக்கு நேரே சொல்வது தப்பாகத் தெரியாது. ‘ஈ’ (நாலு பேரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு) இருப்பதால் அதை ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிடுவீர்கள்.

அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். எப்போது புறப்படுவது, எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது அப்பா பொறுப்பு. டீசல், ஐஸ், வியாபாரியோடு விலை, ஆட்களின் பங்குக் கணக்கு உங்கள் பொறுப்பு. அடுத்தவர் பொறுப்பில் ஆலோசனை சொல்லலாம், ஒரு தடவை மட்டும். குறை பேச்செல்லாம் மீனை எடைபோட்டு, பங்கு பிரித்து, ஆட்கள் போன பிறகு. இன்ஜின் சத்தத்தில் கத்திப் பேசினால் சாதாரணப் பேச்சும் ஏச்சாகத்தான் கேட்கும்.

கேள்வி: மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ஜாதகத்தோடு இந்த நான்கெழுத்தையும் கேட்கலாமா?
- வாசகி, தொண்டி

பதில்: வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கக்கூட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மூல மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை விற்கும் நிறுவனமே சொல்கிறது. பையனுக்குக் கடன் எவ்வளவு, கோபம் வந்தால் என்ன செய்வான் என்று விசாரியுங்கள். அந்த இரண்டுக்கும் இதில் எழுத்து கிடையாது.