ஆசாரியின் பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளத்தூரில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கானாடுகாத்தான், கோட்டையூர், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலை நிறைய வருகிறது. போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு பொலிரோ பிக்கப் வாங்கினேன். சாமானெல்லாம் பின்னால் சாக்கிலும் வாளியிலும் கிடக்கிறது. ஒரு டெஸ்டரைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. ஆன்லைனில் துளை போட்ட இரும்புப் பேனல் விற்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் ஒரு மாத வருமானம் அதற்கே சரியாகிவிடும். பிளைவுட்டில் நானே செய்துகொள்ளலாமா? என் வண்டியில் பக்கக் கதவுகள் கீழே இறங்கும். துருப் பிடிக்குமா, ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா? இன்னொன்று, இடித்த வீட்டுப் பர்மா தேக்குக் கதவு ஒன்று மலிவாக வருகிறது. அதை அறுத்துச் செய்தால் ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறார்கள். வெறும் சாமான் மாட்டுகிற பலகைக்குப் போய் எழுத்தாளரைக் கேட்கிறானே என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிப்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

‘வெறும் சாமான்’ என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சாமான்களால். அவற்றைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறீர்கள். கட்டிங் பிளேயரின் வாய் மழுங்கியிருக்கும், ரசமட்டத்தில் குமிழி நகராது, டிரில் பிட் பாதி ஒடிந்திருக்கும். வேலை தெரிந்த கைக்கு இது அவமானம் இல்லையா?

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே எதையும் வெல்டிங் வைக்காதீர்கள். நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வருகிற மாதிரி பலகையை மாட்டுங்கள், வண்டிக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். துருவைப் பொறுத்தவரை, பெயின்ட் உரிந்த இடத்தில்தான் அது குடியேறும். தகட்டில் துளை போட்டதும் அதன் ஓரத்துக்குத் துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் அடித்துவிடுங்கள். துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோகம் அரிக்காமல் காப்பது எப்படி என்பது அங்கே பெரிய ஆராய்ச்சி. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் கடல் காற்றிலேயே தகடுகளை வைத்துச் சோதிக்கிறார்கள். நம் ஊரில் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை.

இனி பேனல். நீங்கள் பார்த்த அந்த வரிவரியான துளைகள் அமெரிக்க ராணுவப் பையிலிருந்து வந்தவை. ஓர் அங்குல அகல நாடாவை ஓர் அங்குல இடைவெளி விட்டு வரிசையாகப் பரப்பி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டு, சிப்பாய் தனக்கு வேண்டிய துணிப்பைகளை அதில் கோத்துக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு. அதையே இரும்புத் தகட்டில் வெட்டி விற்கிறார்கள். பை கோப்பதற்கு நல்ல யோசனைதான். கொக்கி போட்டு பைப் ரிஞ்சைத் தொங்கவிட்டால், ஆத்தங்குடிச் சாலையில் முதல் குழியிலேயே கொக்கியும் ரிஞ்சும் கீழே கிடக்கும். அதோடு அது பக்கச் சுவர் அசையாத வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்தது. உங்கள் வண்டியில் பக்கக் கதவை இறக்கினால் பேனலும் சேர்ந்தல்லவா இறங்கும்?

உங்கள் கடிதம் வந்த சமயம் நான் வேறொன்றை நினைத்து மனம் வெந்துகொண்டிருந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தூண், நிலை, மரவை, எனாமல் தூக்கு எல்லாம் வாசல் வரைக்கும் வந்து நிற்கும். சமீபத்தில் அங்கே ஓர் ஆசாரியின் கருவிப்பெட்டியைப் பார்த்தேன். காலிப் பெட்டி. ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் பூத்தொட்டி வைக்க நன்றாயிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அதே மாதிரி பெட்டியோடு எங்கள் ஐயா வீட்டுக்கு ஓர் ஆசாரி வருவார். கதவு இறங்கினால், ஜன்னல் பிடித்தால், விசேஷத்துக்கு முன்னால் பெரிய கதவுக்கு எண்ணெய் போட வேண்டுமென்றால் அவர்தான். பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் வருவார். ஒரு சத்தம் கேட்காது, தம்பி. இரும்பும் மரமுமாக அத்தனை கருவிகள் உள்ளே இருக்கும், ஒன்றோடொன்று மோதாது.

அவர் மூடியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மூடியின் உள்பக்கம் ரம்பம் படுத்திருக்கும். அதன் பிடிக்குள் நுழைகிற அளவுக்கு ஒரு கட்டை, கட்டையின் தலையில் விரல் நீளத் திருகுத் துண்டு. அதை நெடுக்காகத் திருப்பினால் ரம்பம் வெளியே வரும், குறுக்காகத் திருப்பினால் வண்டி குப்புறக் கவிழ்ந்தாலும் வராது. உளிகள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அகலத்துக்குக் குடைந்த பள்ளம். அரை அங்குல உளியை முக்கால் அங்குலப் பள்ளத்தில் வைக்கவே முடியாது, லொடலொடவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். வாய்ப்பக்கம் உள்ளே, பிடி வெளியே. இழைப்புளிக்கு அடியில் எண்ணெய்த் துணி. மூலைமட்டம் பெட்டியின் ஓரத்தோடு ஓரமாகச் செருகியிருக்கும். சாயங்காலம் ஏதாவது ஒரு பள்ளம் காலியாக இருந்தால் பெட்டியை மூட மாட்டார். மரத்தூளைக் கிளறி அந்தக் கருவியைக் கண்டெடுத்த பிறகுதான் கிளம்புவார்.

அந்தப் பெட்டியை அவருக்கு யாரும் விற்கவில்லை. அவரே செய்தது. அவர் கை எந்த வேலைக்குப் பிறகு எதைத் தேடுமோ அந்த வரிசையில் செய்தது. இன்னோர் ஆசாரியிடம் கொடுத்தால் அவருக்கு அது ஒத்துவராது. இதைத்தான் நான் உங்களிடம் விடாமல் சொல்வேன்: கருவி வைக்கிற இடம் உழைக்கிறவன் கையிலிருந்து பிறக்க வேண்டும். எங்கோ இருக்கிற ஒருவன், உங்கள் கையையும் உங்கள் வேலையையும் பார்க்காதவன், உங்கள் டெஸ்டர் எங்கே இருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வான்? ஒயரிங் வேலையில் டெஸ்டரைத் தொட்ட கை அடுத்து கட்டிங் பிளேயருக்குப் போகிறது, அப்புறம் இன்சுலேஷன் டேப்புக்கு. இந்த மூன்றும் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பிளம்பிங்குக்கு ரிஞ்ச், ஹாக்சா, டெஃப்லான் டேப். இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு தெரிந்த நீங்கள் படத்தைப் பார்த்து மயங்கலாமா?

தேக்குக் கதவு விஷயத்துக்கு வருகிறேன். அறுக்காதீர்கள். அந்தப் பலகை உழைக்கும், நீங்களும் உங்கள் பிள்ளையும் ஓட்டி முடித்த பிறகும் உழைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு கதவு. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மரம், காட்டில் தானாக ஓங்கி வளர்ந்த மரம். அந்த அகலத்துக்கு ஒரே பலகை இனி உங்களுக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது சொத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய செட்டியார்களுக்கு மிஞ்சியது இந்த வீடுகள்தான். இப்போது ஒரு வீட்டுக்குப் பத்து இருபது புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், ஆளுக்கொரு ஊர். பராமரிக்க ஒருமித்துப் போகாமல் இடித்துப் பங்கு போடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். பட்டியலில் இருக்கிறதென்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு கதவாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்த வீடுகளில் வேலை பார்த்துச் சாப்பிடுகிறவர். நீங்களே ரம்பத்தை வைக்கலாமா? மலிவாக வருகிறதென்றால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் வேலை செய்கிற ஏதாவது ஒரு வீட்டில் அந்த அளவுக் கதவு இல்லாமல் ஒரு நிலை நிற்கும். அங்கே கொடுங்கள்.

பலகைக்குப் பிளைவுட் போதும். தண்ணீர் தாங்குகிற மெரைன் பிளை, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். 303 என்று போட்டது வீட்டுக்குள் அலமாரிக்கு. 8-க்கு 4 அடியில் 12 மி.மீ. பிளை ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். அதே அளவு 2 மி.மீ. இரும்புத் தகடு 47 கிலோ. அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் ஒயர் சுருள் ஏற்றிக்கொள்ளலாம். கேபினுக்குப் பின்னால் இருக்கிற முன்பலகையில் மாட்டுங்கள், பக்கக் கதவைத் தொட வேண்டாம். அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கை பெயின்ட் அவசியம், தண்ணீர் ஓரத்தின் வழியாகத்தான் ஏறும். மர ஸ்க்ரூ போட்டால் அதிர்வில் கழன்றுவிடும். ஊடுருவிப் போகிற போல்ட், பெரிய வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். கொக்கி ஒன்றுகூட வேண்டாம், எல்லாவற்றுக்கும் அந்தத் திருகுக்கட்டை போடுங்கள். விலையுள்ள டிரில்லிங் மெஷினையும் கிரைண்டரையும் வெளியே மாட்டாதீர்கள், ராத்திரியில் வண்டி தெருவில்தானே நிற்கிறது. அவற்றுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றைக் கடையிலேயே வாங்குங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உளிப் பள்ளம் மாதிரி நுணுக்கமாகக் குடைய உங்களுக்குக் கை வராவிட்டால் ஊரில் ஓர் ஆசாரியைப் பிடியுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கருவிகளையெல்லாம் திண்ணையில் பரப்பி, ஒரு வாரம் எதை எதற்கு அடுத்து எடுக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகை முடிந்ததும் எனக்குப் படம் அனுப்ப வேண்டும். கதவு யார் வீட்டுக்குப் போனது என்பதையும் எழுதுங்கள்.